பத்து மணிக் கோபம்

பானைக்குள் காசு சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று ஷாரெனிக்குத் தெரியவில்லை.

தமால் பானையின் அடியில் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு பழைய காசு, அதற்கு மேல் ஓட்டைத் தட்டு, தட்டின் மேல் சோளமாவைச் சோளமடலில் சுற்றி ஆவியில் வேகவைக்கிற தமால்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் காசு தடதடவென்று ஆடிக்கொண்டிருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது, ஓடிப்போய் ஊற்ற வேண்டும். சாந்தா ரூஃபீனா சந்தையில் தவழ்ந்து திரிகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஷாரெனிக்குப் பதினாறு வயது. அன்று காலை அம்மா அவளுக்குக் கொடுத்திருந்த முக்கியமான வேலை, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது.

ஒரு குவளைத் தண்ணீரை மூடியின் ஓரமாக ஊற்றினாள். சத்தம் வரவில்லை. இன்னொரு குவளை ஊற்றினாள். பானை ஊமைபோல நின்றது. அதன் பிறகுதான் குனிந்து அடுப்பைப் பார்த்தாள். தீயே இல்லை. சிலிண்டர் காலி. வற்றாத தண்ணீரில்தான் இவள் இரண்டு குவளை பச்சைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள்.

நிமிர்ந்தபோது பூக்கடைச் சந்து முனையில் ஒரு சிவப்புக் குடை தெரிந்தது. லிசாந்த்ரோவின் குடை. அதன் பின்னால் தொப்பிகளும் கேமராக்களும் ஒரு ஊர்வலமாக வந்துகொண்டிருந்தன.

அந்தக் குடைக்காக அம்மா ஒரு வருடமாகக் காத்திருந்தாள். லிசாந்த்ரோ இந்தச் சந்தையில் பிறந்தவன்தான்; உப்புக்கடைக்காரர் மகன். இப்போது வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிவந்து சந்தைத் தீனியைச் சுவைக்கவைக்கிற கம்பெனி ஒன்றில் வழிகாட்டி. வாரம் தவறாமல் வருவான். இவர்கள் கடையைத் தாண்டி நேராக அடுத்த வரிசைக்குப் போய்விடுவான். போன மாதம்தான் எவுதேலியா, அதாவது ஷாரெனியின் அம்மா, அவனை வழிமறித்துக் கேட்டாள். ஒரு சனிக்கிழமை கூட்டிவந்து பார்க்கிறேன், அவர்களுக்குப் பிடித்திருந்தால் நிரந்தரம் என்று சொல்லிவிட்டு அவன் கடையை ஒரு பார்வை பார்த்தான். பிளாஸ்டிக் நாற்காலிகள் போக வேண்டும் என்றான். நீல வாளியை ஒளித்துவைக்க வேண்டும். குளிர்பானக் கம்பெனி சும்மா கொடுத்த மேசைவிரிப்பு ஆகவே ஆகாது. அம்மா பூவேலை செய்த ரவிக்கை போட்டால் நன்றாக இருக்கும். அம்மாவிடம் அப்படி ஒன்று இல்லை. கடைசியில் வெளிநாட்டுக்காரர்கள் வாங்குகிற கடைக்கே போய், அவர்களுக்குச் சொல்கிற விலையையே கொடுத்து, தன் பாரம்பரிய உடையை வாங்கிவந்தாள்.

அப்படிப்பட்ட சனிக்கிழமை அது. அன்றைக்குத்தான் ஷாரெனியின் தோழி மிரேயாவின் பதினைந்தாம் பிறந்தநாள் நடனத்துக்கு ஒத்திகையும். பதினான்கு ஜோடி, அதில் ஷாரெனியும் ஒருத்தி. அம்மா போக விடவில்லை. நடனம் எங்கேயும் ஓடிவிடாது, வெள்ளைக்காரர்கள் ஓடிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டாள். கூடவே, சிலிண்டர் தீரப்போகிறது, இரண்டாவது பானையை ஏற்றுவதற்கு முன்னால் மாற்றிவிடு என்றும் சொன்னாள். ஷாரெனி சிலிண்டரை ஓர் உதை உதைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ குலுங்கின மாதிரி இருந்தது. போதும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு அப்போது மூக்கு நுனியில் கோபம்.

இப்போது குடை கோழிக்கடையைத் தாண்டிவிட்டது. வழக்கமாக அந்தச் சந்தில் யார் போனாலும், கரிக்கட்டை நிறத்தில் இருந்தாலும், "செவத்த பொண்ணே, என்ன வேணும்?" என்றுதான் கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள். இன்று உண்மையாகவே சிவந்த மனிதர்கள் வந்ததும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

அம்மா மூடியைத் திறந்தாள்.

மேலாக இருந்த ஒரு தமாலை எடுத்து மடலைப் பிரித்தாள். வெந்திருந்தால் மாவு மடலை விட்டுத் தானாக விலகி வரும். இது மடலைக் கட்டிக்கொண்டு கொழகொழவென்று கிடந்தது. ஓரத்தில் வெள்ளை, நடுவில் மஞ்சள் திட்டு. அம்மா இன்னொன்றைப் பிரித்தாள். அதுவும் அப்படியே. மூடியைச் சத்தம் வராமல் வைத்தாள். அடுப்பைக் குனிந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சந்தையில் எந்தப் பெண்ணுக்கும் தோன்றியிருக்காது. தமால் வேகவில்லை என்றால் காரணம் ஒன்றுதான். பானைக்குப் பக்கத்தில் யாரோ கோபத்தோடு இருந்திருக்கிறார்கள்.

"யாரு கோபமா இருந்தது?" என்று அம்மா கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

ஷாரெனி குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அம்மாவின் கண் அவள் மேல் பட்டு, நகர்ந்து, அண்ணி பிரிஹிதாவின் மேல் போய் உட்கார்ந்தது.

பிரிஹிதா, அண்ணன் ரமீரோவின் மனைவி. கல்யாணமாகி இரண்டு வருடம். அவளுக்குப் பிறவியிலேயே நெற்றி சுருங்கியிருக்கும். சந்தோஷமாக இருந்தாலும், தூங்கினாலும், கல்யாணப் படத்தில்கூட, யாரோ காலை மிதித்துவிட்ட மாதிரியே இருப்பாள். அன்று விடியற்காலையில் மாவைப் பிசைந்து மடலில் சுற்றும்போது அவள் முழுநேரமும் முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். ஷாரெனி எரிச்சலோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால் அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"நானா? நான் எதுக்கு அத்தை கோபப்படணும்?" என்றாள் பிரிஹிதா.

அம்மா கோழிக்கடை எர்மீனியாவைப் பார்த்தாள். எர்மீனியா கையில் பாதி உரித்த கோழியோடு, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே என்றாள். பிரிஹிதா தான் கோபமாக இல்லை என்று பொறுமையாக ஒருமுறை சொன்னாள். இன்னும் பொறுமையாக இன்னொருமுறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லும்போது குரல் ஏறிவிட்டது.

"பாத்தியா எர்மீனியா? இப்பக்கூட எப்படிப் பேசறா பாரு."

வழக்கு அத்தோடு முடிந்தது.

லிசாந்த்ரோ குடையை மடக்கிக்கொண்டு வந்து, என்ன தாமதம் என்று பல்லைக் கடித்துக் கேட்டான். அதற்குள் தொப்பி வைத்த ஒரு பெண்மணி பிரித்துக் கிடந்த பச்சை மாவை விரலால் வழித்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வெண்ணெய் மாதிரி இருக்கிறது, இப்படியொரு பதத்தைத் தன் ஊரில் கண்டதே இல்லை என்று மற்றவர்களிடம் சொன்னாள். அவர்களும் வரிசையில் வந்து வழித்தார்கள். அம்மா வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தாள். கோபம் பட்டுவிட்டது, தமால் வேகவில்லை, கோபப்பட்டவள் ஆடினால்தான் பானை இரங்கும் என்று லிசாந்த்ரோவின் காதில் சொன்னாள்.

லிசாந்த்ரோவின் முகத்தில் விளக்கு எரிந்தது. குழுவைத் திரும்பிப் பார்த்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். பள்ளிக்கூட ஆங்கிலத்தை வைத்து ஷாரெனிக்குப் புரிந்தது கொஞ்சம்தான். மூவாயிரம் வருடம் என்றான். அவன் கணக்கில் எல்லாமே மூவாயிரம் வருடம்; போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பழச்சாறு மிஷினைக்கூட இருநூறு வருடத்துக்குக் கீழே இறக்க மாட்டான். சோளத் தெய்வம் என்றான். பெண்ணின் சினம் என்றான். இந்தச் சடங்கை இதுவரை எந்த வெளியாளும் பார்த்ததில்லை என்றான். பிறகு அம்மாவிடம் தணிந்த குரலில், "ஆடச் சொல்லுங்க தோன்யா எவுதேலியா. நல்லா நேரம் எடுத்து ஆடட்டும். இவங்க இதுக்குத்தான் விமானம் ஏறி வராங்க," என்றான்.

வீட்டில் இது நடந்தால் விளையாட்டு. பானையின் இரண்டு காதிலும் சோளமடலைக் கிழித்து முடிச்சுப் போடுவார்கள். கோபக்காரி இரண்டு குதி குதிப்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள், அத்தோடு சரி. இங்கே யாரும் சிரிக்கவில்லை. எர்மீனியா மடல் கட்டினாள். ஒன்பது கேமராக்கள் நிமிர்ந்தன. பிரிஹிதா முகமெல்லாம் சிவந்து, கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், பானையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

எல்லார் கண்ணும் அவள் மேல் இருந்தது. ஷாரெனிக்கு அதுதான் நேரம். கோழிக்கடைக்குப் பின்னாலிருந்து நிறைந்த சிலிண்டரை உருட்டிவந்தாள். மேசைக்கு அடியில் தவழ்ந்து போனாள். ஸ்பானர் இரண்டு தடவை நழுவிக் காலில் விழுந்தது. குழாயை மாற்றி முறுக்கினாள், தீக்குச்சி கிழித்தாள். நீலத் தீ பிடித்துக்கொண்டது. மேலே காலடிச் சத்தம் கூடிக்கொண்டே போனது. தொப்பிப் பெண்மணியும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டாள். தாடி வைத்த ஒரு பெரியவர் பானைக்கு முன்னால் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார். தன் தம்பியோடு பல வருடமாகப் பேசவில்லையாம். பானையிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆட்டம் ஓயவில்லை. பிரிஹிதாவுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தப் பார்த்தபோதெல்லாம் லிசாந்த்ரோ, இன்னும் கொஞ்சம் என்று விரலைச் சுழற்றிக் காட்டினான்.

அப்போது பானைக்குள் ஒரு சத்தம் கேட்டது. தட் என்றது. கொஞ்சம் விட்டு இன்னொரு தட். அப்புறம் தடதடதடவென்று காசு ஆடத் தொடங்கியது.

சந்தே அடங்கிப்போனது. லிசாந்த்ரோ விரலை உயர்த்தி, கேட்கிறதா என்று கண்ணால் கேட்டான். அம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். தாடிக்காரர் விம்மினார். மேசைக்கு அடியில், ஸ்பானரை மார்போடு அணைத்துக்கொண்டு, ஷாரெனி வெளியே வர முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சாயங்காலம் அம்மா குளித்து, ரவிக்கையை மடித்து வைத்து, இந்த வருடத்தில் முதல்முறையாகப் பாட்டு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஷாரெனி பக்கத்தில் போய், "அம்மா, காலைல அந்த சிலிண்டர்..." என்று ஆரம்பித்தாள்.

"மாத்திட்டல்ல?" என்றாள் அம்மா. "சமத்து. நீ ஒருத்திதான் சொன்ன வேலையைச் செய்யற."

ஷாரெனி மடித்த ரவிக்கையை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள்.

அடுத்த வாரம் லிசாந்த்ரோ இரண்டு மடங்கு கூட்டத்தோடு வருவதாகச் சொல்லி அனுப்பினான். தொப்பிப் பெண்மணி எடுத்த படத்தை உலகமே பார்க்கிறதாம். கம்பெனி ரொம்பச் சந்தோஷம். ஒரே ஒரு வேண்டுகோள். பத்து மணிக்கு அவர்கள் வரும்போது தமால் பச்சையாக இருக்க வேண்டும்.

பச்சைத் தமால் என்றால் சாவுச்செய்திபோல நடுங்குகிற அம்மா, ஒருநாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். தீயை மெதுவாக வைத்துக்கொள்ளலாம், ஆட்டம் ஆரம்பித்ததும் ஷாரெனி தூண்டிவிட வேண்டும். இது ஏமாற்று இல்லையா என்று எர்மீனியா கேட்டதற்கு அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை நம் தெருவில் சிலுவைப்பாடு நடிக்கிறோமே, தெருமுனைத் தச்சன் மகன்தானே சிலுவை சுமக்கிறான், அதனால் ஏசு பட்ட பாடு பொய்யாகிவிடுமா? முதல் சனிக்கிழமை நடந்தது நிஜம். மற்றதெல்லாம் அதன் ஞாபகம்.

ஆனால் தீயில்தான் பொய், கோபத்தில் பொய் கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருந்தாள். இவ்வளவு தூரம் வருகிறவர்களுக்குப் போலிக் கோபத்தைக் கொடுப்பது பாவம். அதனால் சனிக்கிழமை விடிந்ததும் பிரிஹிதாவோடு உண்மையாகவே ஒரு சண்டை பிடித்தாள். முதல் வாரம் பீன்ஸில் உப்பு. இரண்டாவது வாரம் பிரிஹிதாவின் ஊர்க்காரர்களின் கஞ்சத்தனம். மூன்றாவது வாரம், மடியில் இன்னும் பிள்ளை இல்லாதது. அது சந்தையில் எல்லாருக்கும் கேட்டது.

வாரத்துக்கு வாரம் தொழில் சுத்தமானது. பிரிஹிதா ஒன்பதரைக்கே கோபப்பட்டுவிட்டால் பத்துக்குள் ஆறிவிடுகிறது, கொஞ்சம் தள்ளிப் பட்டால் நல்லது என்று லிசாந்த்ரோ சொன்னான். ஒருநாள் ஒரு குண்டு மனிதர் ஆடிய அழகைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள்; கம்பெனியிலிருந்து புகார் வந்தது. பழச்சாறுக்காரர் தன் கடையிலும் கோபம் உண்டு என்று பலகை மாட்டினார். எர்மீனியாவும் தன் மருமகளை அழைத்துவந்து நிறுத்திப் பார்த்தாள். அந்தப் பெண்ணோ எப்போதும் சிரித்த முகம். வியாபாரத்துக்கு உதவாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

ஷாரெனி ஒவ்வொரு சனிக்கிழமையும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து தீயைத் தூண்டினாள். அங்கிருந்து பார்த்தால் அண்ணியின் கால்கள் மட்டும் தெரியும். முதலில் தயங்கித் தயங்கி எடுத்துவைத்த கால்கள், வரவர தரையை ஓங்கி மிதித்தன. அம்மா சொல்வது பொய்யில்லை என்று ஷாரெனிக்கு அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. அன்று கோபத்தால்தான் தமால் வேகவில்லை. கோபம் இல்லாதிருந்தால் அவள் சிலிண்டரை மாற்றியிருப்பாள். ஆள்தான் மாறிப்போய்விட்டது. மிரேயாவின் நடனத்துக்கு அம்மா தானாகவே அனுமதி கொடுத்தாள்; ஷாரெனி அங்கே போய், சுற்ற வேண்டிய இடத்தில் சுற்றாமல் பதினான்கு ஜோடியையும் குழப்பிவிட்டு வந்தாள்.

சொன்னால் என்ன ஆகும் என்று அவள் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அம்மாவின் அற்புதம் ஒரு காலி சிலிண்டராகிவிடும். எர்மீனியா சிரிப்பாள், பிறகு சந்தே சிரிக்கும். குடை மறுபடியும் அடுத்த வரிசைக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் அவள் ஓட்டிப் பார்க்கவில்லை.

அது தானாகவே நடந்துகொண்டிருந்தது. அண்ணன் ரமீரோ குளிர்பான வண்டி ஓட்டுகிறவன். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான். அவனும் படத்தைப் பார்த்திருந்தான். வண்டிகள் நிறுத்துமிடத்தில் எல்லாரும் அவனைக் கோபக்காரி புருஷன் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். முதலில் சிரித்தான். பிறகு வீட்டில் குழம்பு அடிப்பிடித்தாலும், வண்டி டயர் வெடித்தாலும், மனைவி முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.

ஐந்தாவது சனிக்கிழமை சந்தை ஓய்ந்த பிறகு, ஷாரெனி குழாயடியில் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிரிஹிதா வந்து பக்கத்தில் நின்றாள். தோளில் துணிப்பை. கல்யாணத்துக்கு வந்தபோது கொண்டுவந்த அதே பை.

அத்லீஸ்கோ ஊரில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். எப்போது வருவாய் என்று ஷாரெனி கேட்டாள். அவள் பையின் முடிச்சை இறுக்கினாள். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, அடுத்த சனிக்கிழமைக்குள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அம்மா முதலில் லிசாந்த்ரோவிடம்தான் பேசினாளாம்.

"அண்ணன்?"

"போயி கொஞ்ச நாள் ஆறிட்டு வான்னாரு. எரியறதே இல்லை, எதை ஆத்தறதுன்னு கேட்டேன். பாரு, இந்தக் கோபத்தைத்தான்னாரு."

ஷாரெனி பானையின் அடியைத் தேய்த்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்தாள். காசு தண்ணீரில் வழுக்கி அவள் விரலுக்குள் வந்தது. எவ்வளவோ வருடமாகக் கொதித்து அதன் இரண்டு முகமும் தேய்ந்து மொழுக்கென்று இருந்தது. எது தலை, எது பூ என்று தெரியவில்லை.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. ஆனால் பிரிஹிதா போகாமல் நின்றாள். நெற்றி வழக்கம்போலச் சுருங்கியிருந்தது. அதற்குக் கீழே கண்கள் மட்டும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருந்தன.

"இப்பல்லாம் எனக்கு உண்மையாவே கோபம் வருது," என்றாள். "சனிக்கிழமை மட்டும் இல்ல, தினமும் வருது. தூங்கி எழுந்திருக்கும்போதே கூட இருக்கு. முதல்லயிருந்தே இப்படித்தான் இருந்தேனோ, எனக்குத்தான் தெரியலையோன்னு தோணுது. அன்னைக்கு பாடிக்கிட்டு இருந்த மாதிரி ஞாபகம். ஆனா அத்தை இல்லைங்கறாங்க, எர்மீனியா இல்லைங்கறா, அவரும் இல்லைங்கறாரு. அத்தனை பேரும் பொய் சொல்லுவாங்களா?"

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். ஷாரெனியின் ஈரக் கைக்குள் காசு இறுகியது.

"நீ பானை பக்கத்துலயேதான இருந்த. உனக்குத் தெரியும். சொல்லு ஷாரெனி, அன்னைக்கு நான் கோபமாவா இருந்தேன்?"